ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியேறுவது? தனியாக வாழும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்றபின் வேறு நாட்டிலோ வேறு ஊரிலோ போய்க் குடியேறலாம் என்று நினைக்கும் தனிப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். திருமணம் செய்துகொள்ளாதவர், விவாகரத்து ஆனவர், கணவரை இழந்தவர் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இந்த வேலையில் இறங்கியபோது கிடைத்த தகவல்களில் பெரும்பகுதி தம்பதிகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கடற்கரை, வானிலை, செலவு என்று எல்லாம் இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் கதவைத் திறப்பார், நினைவில்லாமல் கிடக்கும்போது மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடுவார் என்பது மட்டும் இருக்காது.

தம்பதிக்கு இரண்டாவது ஆள் வீட்டிலேயே உண்டு. வாடகையைப் பகிர, ஆம்புலன்ஸைக் கூப்பிட, ஒருவருக்குக் கண் மங்கினால் மற்றவர் வண்டி ஓட்ட ஆள் இருக்கிறது. நமக்கு அந்த இரண்டாவது ஆளின் வேலையைப் பாதி ஊர் செய்ய வேண்டும், மீதியை நாம் பத்திரமாக எழுதி ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த ஊரைப் பார்த்தாலும் இந்த ஒரு கண்ணோடு பாருங்கள். கிளம்ப நினைக்கும் நாளுக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு முன்பே தொடங்கிவிடுங்கள். அதற்குக் குறைந்தால் ஆவணங்கள் நெருக்கும், அவசரத்தில் தவறான வீட்டுக்கு முன்பணம் கொடுக்க நேரும்.

1. உங்களோடு எந்தப் பணம் வரும், எது வராது என்று எழுதுங்கள்

ஊரைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள். மாதாமாதம் வரும் ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாக எழுதி, நாட்டை விட்டு வெளியேறினால் அதற்கு என்ன ஆகும் என்று அந்தந்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாட்டுக்கு நாடு இதில் பெரிய வேறுபாடு உண்டு. பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை உலகில் எங்கிருந்தும் வாங்கலாம். ஆனால் ஆண்டுதோறும் வரும் உயர்வு எல்லா நாட்டிலும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளுக்குப் போனால் போன அன்றைய தொகையிலேயே நின்றுவிடும். இருபது ஆண்டு கழித்து அந்தத் தொகை என்ன வாங்கும் என்று யோசியுங்கள். கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து வாங்க, 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியேறி ஆறு மாதத்தில் நின்றுவிடும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அதோடு தரும் கூடுதல் உதவித்தொகையோ, எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிடையாது.

கணவர் வழியாக வரும் பணத்தைத் தனியாகப் பாருங்கள். அமெரிக்காவின் அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் விவாகரத்தான பெண், முன்னாள் கணவரின் கணக்கில் பணம் பெறத் திருமணம் குறைந்தது 10 ஆண்டு நீடித்திருக்க வேண்டும். விதவை ஓய்வூதியங்கள் பல, மறுமணம் செய்தால் நிற்கும் அல்லது குறையும். எழுபதில் ஒரு துணை கிடைத்தால் அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, நாணயம். ஓய்வூதியம் ஒரு நாணயத்தில் வந்து செலவு இன்னொரு நாணயத்தில் நடந்தால், மாற்று விகிதம்தான் உங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கும். 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் வாக்களித்த பிறகு பவுண்ட் சரிந்தபோது, ஸ்பெயினில் இருந்த பிரிட்டிஷ் ஓய்வூதியர்களின் மாத வருமானம் யூரோ கணக்கில் சட்டென்று சுருங்கியது. ஆகவே பட்ஜெட் போடும்போது, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் வாழ முடியுமா என்று போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்த ஊர் உங்களுக்கு இன்னும் விலை அதிகம்.

2. எண்பது வயதுப் பெண்ணாக ஊரைப் பாருங்கள்

அறுபதில் நமக்குப் பிடிக்கும் ஊரும் எண்பதில் நம்மைத் தாங்கும் ஊரும் பல சமயம் வேறு வேறு. பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஐந்து ஆண்டு அதிகம் வாழ்கிறோம். நாம் போகும் ஊரில் இருபது, இருபத்தைந்து ஆண்டு தனியாக இருக்கப்போகிறோம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

முதல் கேள்வி: கார் ஓட்டாமல் வாழ முடியுமா? பிரிட்டனில் 70 வயதில் ஓட்டுநர் உரிமம் முடிந்து, அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜப்பானில் 75 வயதுக்கு மேல் உரிமம் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனை உண்டு. உரிமம் இருந்தாலும் கண்புரை வந்தால் அவ்வளவுதான். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மளிகை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், ஒரு பொது மருத்துவர், உட்கார்ந்து பேச ஓர் இடம், இந்த ஐந்தும் இருக்க வேண்டும். மலைச்சரிவில் கட்டிய அழகான வீடுகள், படிக்கட்டு மட்டுமே உள்ள மூன்றாம் மாடி, நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையோரக் குடியிருப்பு இவற்றை இந்தக் கட்டத்திலேயே அடித்துவிடுங்கள்.

இரண்டாவது, உடம்புக்கு ஒத்துவருமா? ஓய்வு பெற்ற வெளிநாட்டவர்கள் விரும்பிப் போகும் எக்வடோரின் குவென்கா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அங்கே போகக் கூடாது. தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரிக்கும் புகை நகரத்தையே மூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாதங்கள் கொடுமை. போர்ச்சுகல் மிதமான வானிலை என்று பெயர் வாங்கியது, ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் சூடாக்கும் வசதி கிடையாது, குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் கோக்கும். மூட்டுவலிக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் வீடு பார்க்க வேண்டும். கரீபியன் பக்கம் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். கதவு ஜன்னலுக்குப் பலகை அடிக்க யார் வருவார் என்பதும் சேர்ந்ததுதான் அந்த ஊர்.

மூன்றாவது, தனியாக வாழும் வயதான பெண்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்களா? சந்தையில், நூலகத்தில், பேருந்தில் தனியாக நடமாடும் எழுபது வயதுப் பெண்களைக் கண்ணால் பார்க்க முடிகிற ஊர் நல்ல ஊர். மாலை மங்கியதும் தெருவில் ஒரு பெண்ணும் இல்லை என்றால் குற்றப் புள்ளிவிவரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. உங்கள் பட்டியலில் உள்ள ஊர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்ததாலேயே நடைபாதை நன்றாகிவிடாது, ஆனால் முதியோருக்கென்று யோசிக்கும் ஒரு நிர்வாகம் இருக்கிறது என்று அறியலாம்.

மொழியையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். "விழுந்துவிட்டேன், மூச்சுவிட முடியவில்லை, என் முகவரி இது" என்பதை உள்ளூர் மொழியில் சொல்லும் அளவுக்காவது உங்களால் கற்க முடியுமா? முடியாது என்றால் உங்களுக்குத் தெரிந்த மொழி புழங்கும் ஊரைத் தேடுங்கள்.

இந்தச் சல்லடையில் தப்பி வரும் ஊர்கள் மூன்று இருந்தால் போதும்.

3. சட்டப்படி தங்க முடியுமா என்று பாருங்கள்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி விசா கிடையாது. அக்கா அங்கே இருக்கிறார், தங்கை இருக்கிறாள் என்று நம்பிப் போகாதீர்கள். பல நாடுகளின் குடும்ப விசாவில் உடன்பிறந்தவர் கணக்கில் வரமாட்டார். அமெரிக்காவில் வருவார், ஆனால் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டும்.

ஓய்வு பெற்றவர்களை வரவேற்கும் நாடுகள் பொதுவாக மூன்றில் ஒன்றைக் கேட்கும்: நிலையான மாத வருமானம், வங்கியில் டெபாசிட், அல்லது இரண்டும்.

பனாமாவின் பென்சியோனாடோ என்ற ஓய்வூதியர் விசாத் திட்டத்துக்கு வாழ்நாள் முழுவதும் வரும் ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர் இருக்க வேண்டும். அங்கே பெண்களுக்கு 55 வயதிலிருந்து, ஆண்களுக்கு 60 வயதிலிருந்து போக்குவரத்து, மருத்துவம் முதலியவற்றில் சட்டப்படி தள்ளுபடி உண்டு. கோஸ்டா ரிக்காவும் மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் கேட்கிறது. அந்நாட்டுப் பொது மருத்துவத் திட்டத்தில் சேருவது கட்டாயம். தாய்லாந்தில் ஓய்வு பெற்றவர் நீண்டகாலம் தங்கும் ஓ-ஏ விசாவுக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்த்து அந்த அளவு காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடும் கட்டாயம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்பெயினின் வேலை செய்யாமல் தங்கும் விசாவுக்கு ஐப்ரெம் என்ற அரசுக் குறியீட்டைப்போல் நான்கு மடங்கு வருமானம் தேவை. போர்ச்சுகலின் டி7 விசா அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தை அளவாக வைத்துக்கொள்கிறது.

இதில் உள்ள பெரிய கண்ணி, விதிகள் மாறுவது. வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்குவதற்கான மலேசியாவின் 'இரண்டாவது இல்லம்' திட்டத்தில் 2021இல் மாத வருமான நிபந்தனையை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாக ஏற்றினார்கள். 2024இல் முழுவதையும் மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் வைத்தார்கள். போர்ச்சுகலில் வெளிநாட்டு ஓய்வூதியர்களை ஈர்த்த வரிச்சலுகைத் திட்டம் 2024 முதல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. இரண்டு ஆண்டு பழைய தகவலை நம்பி வீட்டை விற்காதீர்கள். அந்நாட்டுத் தூதரகத்தின் அல்லது குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் நீங்களே படியுங்கள், விண்ணப்பிக்கும் மாதத்தில் திரும்பவும் படியுங்கள்.

ஏஜெண்ட் வேண்டுமா? மொழி தெரியாத நாட்டுக்கு வேண்டும்தான். அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞரா என்று பார்த்து, எந்தக் கட்டணம் எதற்கு என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். "விசா உறுதி" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

4. வரியைப் பற்றி ஒருமுறையாவது நிபுணரிடம் கேளுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். பல நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 183 நாள் இருந்தாலே நீங்கள் அந்நாட்டு வரிதாரர். பனாமா போன்ற நாடுகள் தம் நாட்டுக்குள் ஈட்டிய வருமானத்துக்கே வரி போடும். தாய்லாந்தில் 180 நாளுக்கு மேல் தங்குபவர் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்தை 2024 முதல் வரிக்கணக்கில் சேர்க்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் ஓய்வூதியம் பற்றி என்ன சொல்கிறது என்ற இரண்டு கேள்வியோடு ஒரு கணக்காளரைப் பாருங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.

5. மருத்துவத்தை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்

முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நாட்டுக்கு வெளியே பொதுவாகச் செல்லாது. அதற்காக, மருத்துவர் செலவுக்கான அதன் பி பகுதியை விட்டுவிட்டுப் போய், பின்னால் திரும்பிவந்து சேர்ந்தால் தவறவிட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 விழுக்காடு கூடும். கனடாவின் ஒன்டாரியோவில் மாகாண மருத்துவத் திட்டம் தொடர, எந்த 12 மாதத்திலும் குறைந்தது 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். போகும் நாட்டுக் காப்பீடு தொடங்கி, அதன் காத்திருப்புக் காலமும் முடியும் வரை பழையதை விடாதீர்கள்.

தனியார் காப்பீடு எடுக்கும்போது நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எப்போதிலிருந்து பணம் தருவார்கள்? எந்த வயதுக்கு மேல் புதுப்பிக்க மறுப்பார்கள்? பிரீமியம் 70, 75, 80 வயதில் எவ்வளவு? வீட்டில் வந்து கவனிக்கும் செவிலியருக்குப் பணம் உண்டா? கடைசிக் கேள்வி தனியாக இருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன் முடிந்து சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஆள் இல்லாதவர் அடுத்த ஆறு வாரத்தை எப்படிக் கழிப்பார் என்று யாரும் கேட்பதில்லை. பல நிறுவனங்கள் எழுபதுக்கு மேல் புதியவர்களைச் சேர்ப்பதே அரிது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மருந்துகளின் கம்பெனிப் பெயரை அல்ல, மூலப்பெயரை எழுதிக்கொண்டு, போகும் நாட்டில் அவை கிடைக்குமா, சட்டப்படி கொண்டுபோகலாமா என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். ஜப்பானில் சில சாதாரணச் சளி மருந்துகளுக்குக்கூடத் தடை உண்டு.

அப்புறம், மருத்துவமனைக்கே நேரில் போய் விசாரியுங்கள். "உறவினர் யாரும் இங்கே இல்லை. என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா, கையெழுத்து யாரிடம் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். ஜப்பானில் மருத்துவமனையில் சேரவும் வீடு வாடகைக்கு எடுக்கவும் உத்தரவாதம் தரும் ஓர் ஆளைக் கேட்பது வழக்கம். அந்த வேலையைக் கட்டணத்துக்குச் செய்யும் நிறுவனங்களே இருக்கின்றன. இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு ஊரிலும் கேளுங்கள்.

6. மோசமான பருவத்தில் போய் வாழ்ந்து பாருங்கள்

சுற்றுலாப் பருவத்தில் எந்த ஊரும் அழகு. புகையோ மழையோ குளிரோ, அந்த ஊரின் மோசமான காலத்தில் குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் மூன்று மாதம் தங்குங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய விசாவோடு 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம் என்பதால் இதற்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள். ஹோட்டலில் தங்காமல் வாடகை வீட்டில், நீங்களே கடைக்குப் போய், நீங்களே சமைத்து வாழுங்கள்.

அந்தக் காலத்தில் கட்டாயம் செய்ய வேண்டியவை: இரவு எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறி வீட்டுக்கு வாருங்கள். உள்ளூர் மருத்துவரிடம் ஒரு சாதாரணப் பரிசோதனைக்குப் போங்கள். ஒரு குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டுப் பாருங்கள். தனியாக வாழும் பெண் என்று தெரிந்ததும் அவர் விலையை ஏற்றுகிறாரா, வீட்டுக்காரர் தேவையில்லாத கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். அங்கேயே ஐந்து ஆண்டுக்கு மேல் தனியாக வாழும் பெண்கள் இருவரையாவது தேடிப் பேசுங்கள். "கடைசியாக உடம்பு சரியில்லாமல் போனபோது யார் வந்தார்கள்?" என்று கேட்டால் ஊரின் குணம் தெரிந்துவிடும்.

புதிதாக வந்த தனிப் பெண்ணைத் தேடிவரும் அன்புக்குக் குறைவிருக்காது. பெரும்பாலும் உண்மையான அன்புதான். ஆனாலும் ஓய்வூதியம் எவ்வளவு, வீடு விற்ற பணம் எங்கே என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். கூட்டாக நிலம் வாங்கலாம், கடன் கொடுங்கள் என்று யார் சொன்னாலும் முதல் இரண்டு ஆண்டுக்கு முடியாது என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும்.

7. ஆவணங்கள்: முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

இந்த முழு வேலையிலும் என் நாட்களை அதிகம் தின்றது பெயர்தான். பெண்களுக்கு இது தனிப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், ஓய்வூதிய ஆணையில் வெறும் முன்னெழுத்து, வங்கியில் வேறொன்று. நான்கும் ஒரே பெண்தான் என்று அந்நிய நாட்டு அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டும். பெயர் மாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காகிதம் வேண்டும்: திருமணச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பின் சான்றளித்த நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், பெயர் மாற்ற ஆணை. பழைய கல்யாணத்துக் காகிதம் இனி எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய விவாகரத்துத் தீர்ப்பைக்கூடக் கேட்பார்கள். நீதிமன்றத்திலிருந்து அதன் நகலை எடுக்கவே மாதங்கள் ஆகலாம். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு விசா வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது வரிசை. பிறப்பு, திருமணம், விவாகரத்து, இறப்பு, ஓய்வூதிய ஆணை இவற்றை முதலில் திரட்டுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், வங்கி அறிக்கை மூன்றும் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதமே செல்லும், ஆகவே கடைசியில் எடுங்கள். சென்ற ஐந்து ஆண்டில் வாழ்ந்த எல்லா நாட்டிலிருந்தும் நன்னடத்தைச் சான்று கேட்கும் நாடுகள் உண்டு.

சான்றொப்பம்: 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்பாட்டில் இரு நாடுகளும் இருந்தால், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரை ஒன்று போதும். இந்தியா 2005 முதலும் கனடா 2024 ஜனவரி முதலும் இதில் உள்ளன. ஒரு நாடு இல்லாவிட்டாலும் தூதரகம் வழியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும், அதற்கு நாளும் பணமும் அதிகம். அப்போஸ்டில் வாங்கிய பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்பெயின் போன்ற நாடுகள் தாங்கள் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் வேலையை மட்டுமே ஏற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூலப்படி எடுத்துவிடுங்கள், ஒன்றை அலுவலகமே வைத்துக்கொள்ளும்.

8. இரண்டாவது ஆளைப் பத்திரத்தில் கொண்டுவாருங்கள்

பவர் பத்திரம் ஒன்று எழுதிவிட்டேன், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நாட்டுச் சட்டத்தில் சாதாரணப் பவர் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாததாகிவிடும். நமக்கு அது வேண்டியதே அப்போதுதான். திறன் இழந்த பிறகும் செல்லும் பத்திரத்துக்குப் பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் தனி வகை உண்டு. போகும் நாட்டில் அதற்கு என்ன பெயர், பதிவு வேண்டுமா என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டு அங்கேயே எழுதுங்கள். பணத்துக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் நல்லது. இருவருக்கும் மாற்றாள் பெயரும் போடுங்கள். நம் வயதுத் தோழியை மட்டும் போட்டால் அவருக்கும் நம்மோடு வயதாகும்.

உயிர்காக்கும் கருவிகள் பற்றிய உங்கள் விருப்பத்தையும் எழுதி, உள்ளூர் மொழியில் பெயர்த்து வையுங்கள். உயிலைப் பற்றி ஒன்று: பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. டென்மார்க், அயர்லாந்து தவிர மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல், உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் எழுதலாம். எழுதாவிட்டால் பொதுவாக நீங்கள் கடைசியாக வாழ்ந்த நாட்டுச் சட்டம்தான்.

இறுதிச் சடங்கையும் விட்டுவிடாதீர்கள். எல்லா நாட்டிலும் தகனம் எளிதில்லை. கிரீஸில் முதல் தகனக் கூடமே 2019இல்தான் திறக்கப்பட்டது. என்ன வேண்டும், செலவுக்குப் பணம் எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி மருத்துவப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

9. வீடு: முதல் ஆண்டு வாடகைக்குத்தான்

தனி வருமானத்தில் முழு வாடகையும் நாமே கொடுக்கிறோம், ஆகவே தவறான வீட்டின் பாரமும் முழுதாக நம்மேல்தான். ஓர் ஆண்டு முடியும் முன் எதையும் வாங்காதீர்கள். வாங்குவதற்கும் எல்லை உண்டு: தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது, அடுக்ககத்தில் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்க முடியும். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த வீடு அவருடையது.

பெண்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளையும் பாருங்கள். லண்டனின் ஹை பார்னெட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களே திட்டமிட்டு உருவாக்கிய 25 வீடுகள் கொண்ட நியூ கிரவுண்ட் 2016இல் திறந்தது. பாரிஸை ஒட்டிய மோன்ட்ரேயில் பாபாயாகா இல்லம் என்று ஒன்று இருக்கிறது. அவரவர்க்குத் தனி வீடு, எல்லாரும் கூடப் பொது அறையும் தோட்டமும் உண்டு, ஒருவர் ஜன்னல் திறக்கவில்லை என்றால் மற்றவர் தட்டிப் பார்ப்பார். இப்படிப்பட்ட இடங்கள் குறைவு, நியூ கிரவுண்டைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்கவே 18 ஆண்டு ஆயிற்று. ஆனால் நாலைந்து தோழிகள் ஒரே கட்டடத்தில் தனித்தனி வீடு எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

10. காலமும் செலவும்

இருபது மாதம் முன்பு: வருமானக் கணக்கு, பெயர்த் திருத்தம், மூன்று ஊர்ப் பட்டியல். பதினைந்து முதல் பத்து மாதம் முன்பு: தங்கிப் பார்ப்பது, காப்பீட்டு விலைகள், வரி ஆலோசனை. ஒன்பது மாதம் முன்பு: ஊரை முடிவு செய்து நிலையான ஆவணங்களுக்கு அப்போஸ்டில். ஐந்து மாதம் முன்பு: நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, விசா விண்ணப்பம். விசா கைக்கு வந்த பிறகே பழைய வீட்டைக் காலி செய்யுங்கள். விற்பதை முதல் ஆண்டு முடியும்வரை தள்ளுங்கள், வாடகைக்கு விடுங்கள்.

விசாக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர், வீட்டு முன்பணம், ஓர் ஆண்டுக் காப்பீட்டுப் பிரீமியம், சாமான் அனுப்புவது, இரு நாட்டிலும் வாடகை கொடுக்கும் ஒன்றிரண்டு மாதம், எல்லாவற்றையும் கூட்டுங்கள். இதற்கு மேல் திரும்பிவரும் டிக்கெட்டுக்கும் பழைய ஊரில் ஆறு மாத வாழ்க்கைக்கும் ஆகும் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். பிடிக்காத ஊரில் பணமில்லாமல் மாட்டிக்கொள்வதைவிட மோசமானது எதுவும் இல்லை.

11. போய் இறங்கியதும்

பழைய நாட்டுச் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்; அது நின்றால் உங்கள் பணமே உங்களுக்குக் கிடைக்காது. முகவரி மாறினால் கணக்கை மூடும் வங்கிகளும் உண்டு, அதனால் இரண்டு வங்கியில் கணக்கு இருக்கட்டும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழை ஆண்டுதோறும் எந்த மாதம், யார் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும் என்று காலண்டரில் குறியுங்கள். பல திட்டங்களில் அது தவறினால் பணம் நின்றுவிடும்.

முதல் வாரத்தில் குடியிருப்புப் பதிவு, தூதரகத்தில் பெயர்ப் பதிவு. முதல் மாதத்துக்குள் பொது மருத்துவரிடம் பதிவு. கதவின் உட்பக்கத்தில் உங்கள் முகவரி, இரத்த வகை, மருந்துகள், பொறுப்பாளரின் எண் எல்லாவற்றையும் உள்ளூர் மொழியில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் அவசர எண் 112; மற்ற நாட்டில் என்ன எண் என்று பார்த்துப் போனில் பதியுங்கள். விழுந்தால் அழுத்தும் அலாரம் மாட்டிக்கொள்ளுங்கள், ஒருமுறை அழுத்தி யார் பதில் சொல்கிறார் என்று சோதியுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுங்கள், அவருடைய சாவியையும் கேட்டு வாங்குங்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குள் செய்தி அனுப்ப ஒருவரை ஏற்பாடு செய்து, செய்தி வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.